என் குரலைத் திருப்பி வாங்க ஒஸ்லோ போனது

இந்தப் பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு ரயிலில் போய், சனிக்கிழமை திரும்பினேன். கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகவில்லை. என்னைக் கேட்காமல் ஒரு பாட்டுக்குள் வைத்துவிட்ட என் குரலை வெளியே எடுக்கச் சொல்லப் போனேன். மொழி தெரியாமல் தனியாகப் பயணம் செய்யும் என் வயதுக்காரர்கள் சிலர், இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வெளிக்கிடுகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே நேரம், செலவு, கழிப்பறை எல்லாம் வழக்கம்போல எழுதுகிறேன். மற்றதையும் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு இதை எழுத எனக்கு வரவில்லை.

புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு எழுபத்தொரு வயது. படித்தது ஐந்தாம் வகுப்பு. பேர்கனில் மகள் கலாவோடு இருக்கிறேன். கலாவின் மகள் ஆரணி ஒஸ்லோவில் பாட்டுப் படிக்கிறாள். அங்கே ஈவார் என்ற நோர்வேக்காரரோடு சேர்ந்து பாடுகிறாள். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் கறுப்பின மக்கள் ஒரு காலத்தில் பாடி வைத்த ப்ளூஸ் பாட்டுகளை எடுத்து, நோர்வே நாட்டுப்புறப் பாடகர்கள் பாடும் முறையில் புதிதாகப் பாடிப் பதிவு செய்வதுதான் அவர்கள் வேலை. கிற்றாரோடு இந்த நாட்டு வயலினும் சேரும். சில வரிகள் ஆங்கிலம், சில நோர்வே மொழி.

போன இலையுதிர் காலத்தில் ஆரணி ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு பேர்கன் வந்து, ஒப்பாரி ஒன்று பாடும்படி கேட்டாள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக்கூடாது. அதைச் சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு கீழே பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். கூரை இருக்கிறது, ஒருவருடைய வீடும் இல்லை. என் தாய்க்கு நான் பாடிய ஒப்பாரியை அங்கே நின்று பாடினேன். இரண்டு பஸ் வந்து போயின. இரண்டாவது பஸ்ஸின் சாரதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

மாலையில் நான் சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, ரூபன் மாமாவை எப்படிக் கூப்பிடுவீர்கள் அம்மம்மா என்று கேட்டாள். கூப்பிட்டுக் காட்டினேன். "ரூபன்! ரூபா, வா மோனை!" கருவி மேசையில் இருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்ததை நான் கண்டேன். கண்டும் ஒன்றும் நினைக்கவில்லை. அது என் பிழை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

ரூபன் என் மகன், கலாவின் தம்பி. எங்கள் ஊரில் நடந்த போரின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நாங்கள் வெளியே வந்தபோது, இளம் வயதுக்காரரை இராணுவத்தினர் தனியாகப் பிரித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். பச்சை பஸ். பின்னாலிருந்து இரண்டாவது ஜன்னல். அவனுக்குப் பத்தொன்பது வயது. சட்டையில் மூன்றாவது பொத்தான் கழன்றிருந்தது. தைத்துத் தருகிறேன் என்று அதை வாங்கி என் கைக்குள் வைத்திருந்தேன். ஊசி கேட்டு நான் இரண்டு பேரிடம் போய் வருவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

அவன் இறந்துவிட்டான் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே அவனுக்கு நான் ஒப்பாரி பாடவில்லை. அவன் இறந்ததாக அவன் பெயரில் வந்த எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கவில்லை. பெற்றவள் வாய் திறந்து பாடிவிட்டால் அதற்குப் பிறகு தேடுவதற்கு யார் இருக்கிறார்கள்? ஒஸ்லோவில் புருசெத்தில் இருக்கும் என் மச்சாள் பவளம், என் கணவரின் தங்கை, மூன்றாம் ஆண்டு என்னைக் கேட்காமல் ஐயரைப் பிடித்து அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, பேர்கன் வந்த ஒருவரிடம் வடை கொடுத்தனுப்பினாள். ஏழு வடை, வாழையிலையில் சுற்றி, மேலே நீலப் பை. அன்றிலிருந்து அவளோடு எனக்குக் கதை இல்லை.

பெப்ரவரி தொடக்கத்தில் ஆரணி தொலைபேசியில் கூப்பிட்டு, பாட்டு முடிந்துவிட்டது, கேளுங்கோ என்றாள். முதலில் ஈவார் பாடினார். பிறகு இவள். பிறகு வயலின் மெல்ல இறங்க, என் குரல் வந்தது. என் தாய்க்குப் பாடிய ஒப்பாரி. "என்னைப் பெத்த அம்மா" என்று வரும் இடத்தில் அம்மா இல்லை. "ரூபன்" என்று கேட்டது. போனை வைத்துவிட்டேன். மறுநாள் கலாவிடம் ரயில் சீட்டு எடுக்கச் சொன்னேன்.

இனிப் பயணம். பேர்கனிலிருந்து காலை 7.57 ரயில். ஒஸ்லோ 496 கிலோமீற்றர், ஆறு மணித்தியாலம் நாற்பது நிமிடம். அறுபத்தேழு வயதுக்கு மேல் என்றால் கட்டணத்தில் சலுகை உண்டு. எனக்கு 389 குரோனர் வந்தது. மூன்று வாரம் முந்தி எடுத்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும். கழிப்பறைக்குப் பக்கத்துப் பெட்டியில் ஆசனம் எடுங்கள், ரயில் மலையில் வளையும்போது தூரம் நடப்பது கரைச்சல். கோப்பி 42 குரோனர். வீட்டிலிருந்து சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர் கொண்டுபோங்கள்.

வொஸ் என்ற ஊரில் ஒரு தமிழ்ப் பெண் ஏறிப் பக்கத்தில் இருந்தாள். நாற்பது வயது இருக்கும், கோயம்புத்தூராம், ஒஸ்லோவில் கணினி வேலை.

"பாட்டி, நீங்க பேசுறது சினிமால கேட்ட மாதிரியே இருக்கு," என்றாள்.

"நாங்கள் பேசுறேல்லைப் பிள்ளை, கதைக்கிறனாங்கள். பேசுறதெண்டால் எங்கடை ஆக்களுக்கு ஏசுறது."

"ஐயையோ, அப்ப நான் உங்களைப் பேசிட்டேனா?"

"இன்னும் இல்லை. ஒஸ்லோ வர அஞ்சரை மணித்தியாலம் கிடக்கு."

சிரித்தாள். ஒஸ்லோவில் என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒரு பாட்டை நிற்பாட்டப் போகிறேன் என்றேன்.

"கேஸ் போட்டிருக்கீங்களா? யார் மேல?"

"என்ர பேத்தி மேலை."

அவள் பையைத் திறந்து, சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சுற்றியதில் பாதி தந்தாள். உப்புக் குறைவு. ஆனாலும் நல்ல பிள்ளை.

பின்சே என்ற நிலையம் 1222 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பலகையில் எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் எல்லாம் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். அந்த இடத்தில் மரம் இல்லை, வீடு குறைவு, எங்கும் வெள்ளை. எது நிலம், எது ஏரி என்று பார்த்துச் சொல்ல முடியாது. வடிவு, அழகு என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அது மூடிவைத்த இடம்போல இருந்தது. எதன் மேல் மூடியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

பிற்பகல் 2.37க்கு ஒஸ்லோ. ஆரணி மேடையில் நின்றாள். அவளுடைய அறை வெஸ்ட்லியில், டி-பானே ஐந்தாம் தடத்தின் கடைசி நிலையம். நிலக்கீழ் ரயிலைத்தான் இங்கே டி-பானே என்பார்கள். நடுநகரத்திலிருந்து 27 நிமிடம். முதியோருக்கு 22 குரோனர், அந்தச் சீட்டு ஒரு மணித்தியாலம் செல்லும். கடைசி நிலையம் என்பதால் எங்கே இறங்குவது என்ற பயம் இல்லை. எல்லாரும் இறங்கும்போது நீங்களும் இறங்கலாம்.

ஒன்பதாம் மாடி. பருப்பும் கீரையும் சமைத்து வைத்திருந்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். கோப்பையைக் கழுவிக்கொண்டு அவள்தான் தொடங்கினாள்.

"அம்மம்மா, டெட் எர் ஃபெர்டிக். முடிஞ்சுது. திங்கட்கிழமை இசைத்தட்டு அடிக்கக் குடுக்கிறம்."

"முடிஞ்சதெண்டு ஆர் சொன்னது? ஆரின்ர தொண்டை அது?"

"உங்கடைதான். அதுதானே வடிவு. கேட்ட ஆக்கள் எல்லாரும் அழுதவை."

"அவை ஏன் அழவேணும்? பெத்த நானே இன்னும் அழேல்லை."

"ஸ்லாப் ஆவ், அம்மம்மா."

ஆறுதலாய் இருங்கோ என்று அர்த்தம். இந்த நாட்டில் எனக்கு அதைச் சொன்னவர்கள் நான்கு பேர். மற்ற மூன்று பேருடைய பெயரும் எனக்கு நினைவிருக்கிறது.

"மாமாவை ஒருத்தரும் மறக்கக்கூடாதெண்டுதான் செய்தனான்," என்றாள்.

"ஆர் மறந்தது?"

"நீங்கள் இல்லை அம்மம்மா. மற்ற ஆக்கள். நான்கூட அவரைக் கண்டதில்லை. படம் ஒண்டுதான்."

"காணாமல் போனவனுக்கு ஒப்பாரி சொல்லக்கூடாது. அது தெரியாதோ உனக்கு?"

அவள் தண்ணீரை மூடிவிட்டுத் திரும்பினாள். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

அது உண்மை. வாயால் சொன்னால் அதுவும் ஒரு அழுகையாகிவிடும் என்று நாங்கள் அந்தக் கதையையே வீட்டில் எடுப்பதில்லை. கலாவும் எடுப்பதில்லை. இந்த நாட்டில் பிறந்த பிள்ளை, நாங்கள் கதைக்காத ஒன்றை எங்கிருந்து தெரிந்துகொள்வாள்? அதற்காக நான் கோபத்தை விடவில்லை. கோபம் கொஞ்சம் இடம் மாறி என் பக்கமும் வந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை 9.06 டி-பானேயில் நடுநகரம். அங்கிருந்து, ஈவாரின் ஒலிப்பதிவு அறை இருக்கும் ஹொல்ம்லியாவுக்கு உள்ளூர் ரயில், 11 நிமிடம். ஒரு மணித்தியாலத்துக்குள் என்பதால் அதே சீட்டு போதும், புதிதாக வாங்கி ஏமாறாதீர்கள். நிலையத்திலிருந்து ஒன்பது நிமிட நடை, எனக்குப் பதினேழு நிமிடம். வழியெல்லாம் உறைபனி கண்ணாடிபோலக் கிடந்தது. காலில் போடும் சப்பாத்தில் மாட்டும் இரும்பு முள்ளை மறக்க வேண்டாம். பேர்கனில் மழைதான் என்று நினைத்து அதை விட்டுவிட்டு வந்து, 149 குரோனர் கொடுத்து ஒஸ்லோவில் வாங்கினேன்.

ஒலிப்பதிவு அறை, கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே நிலவறையில் இருந்தது. ஈவார் உயர்ந்த மனிதர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், கம்பளிக் காலுறையோடு நடந்து திரிந்தார். கையைக் கொடுத்தார். நான் கும்பிட்டேன். கோப்பி கொடுத்தார். அவர் சொன்னதை ஆரணி தமிழில் சொன்னாள், நான் சொன்னதை அவருக்குச் சொன்னாள்.

அவர் எனக்கு முறையாக விளங்கப்படுத்தினார். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். இந்தப் பாட்டுகளை முதலில் யார் கட்டினார்கள் என்று பெரும்பாலும் தெரியாதாம். ஒருவர் தன் காதலிக்குப் பாடுவார். அதைக் கேட்ட இன்னொருவர், தாய் படுக்கையில் கிடந்தால் காதலியை எடுத்துவிட்டுத் தாயை வைப்பார். ஆற்றின் பெயர் மாறும், ஊரின் பெயர் மாறும். ஒரு பாட்டில் உள்ள இரண்டு வரி நடந்து போய் இன்னொரு பாட்டில் இருக்கும். விளங்காத வரியை விட்டுவிடுவார்கள். வேகமான பாட்டை மெதுவாக்குவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பாட்டு அந்தப் பழைய தட்டோடு போயிருக்கும் என்றார்.

"அது எனக்குத் தெரியும் எண்டு சொல்லு," என்றேன். "ஒப்பாரியும் அப்பிடித்தான். அண்ணன் எண்டு கிடக்கிற இடத்திலை தம்பியைப் போடுவம். கிணறெண்டு கிடக்கிறதைக் குளமாக்குவம். மாத்தினது பிழையெண்டு சொல்ல நான் வரேல்லை."

ஆரணி சொன்னாள். அவர் தலையாட்டினார்.

"ஆனால் ஒப்பாரியிலை மாத்தக்கூடாத ஒண்டு இருக்கு. ஆள் செத்திருக்க வேணும்."

ஆரணி அதை உடனே சொல்லவில்லை. தரையைப் பார்த்தாள். பிறகு மிகவும் சின்னக் குரலில் சொன்னாள். ஈவார் கோப்பிக் கோப்பையை நிலத்தில் வைத்தார்.

முதலில் அந்தப் பழைய பாட்டைப் போடச் சொன்னேன். அவர்களுடையது அல்ல, முதல் தட்டு. பாடிய பெண்ணின் பெயர் தட்டில் இல்லையாம். ஒரு கிற்றார், ஒரு குரல், எண்ணெய் காயும் சட்டிபோல இரைச்சல். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவள் அழவில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. அழுகிறவளின் மூச்சு வேறு, கேள்வி கேட்கிறவளின் மூச்சு வேறு. ஆரணி வரி வரியாகச் சொன்னாள். சிறைக்குப் பிடித்துக்கொண்டு போன மகனைத் தேடுகிற தாய். முதலில் ரயில் ஓட்டுகிறவனிடம் கேட்கிறாள், என் பிள்ளையை எந்தப் பெட்டியில் கொண்டு போனாய் என்று. பிறகு தண்டவாளம் போடுகிறவனிடம் கேட்கிறாள், உன் பக்கத்தில் நின்று சம்மட்டி அடிக்கிறவனின் பெயர் என்ன என்று. மூன்றாவது வரும்போது இரைச்சல் கூடிக் குரல் அமிழ்ந்துவிட்டது.

"இதிலை என்ன சொல்லுறாள்?"

"அந்த இடம் சரியாக் கேக்காது அம்மம்மா. தட்டுக் கீறுப்பட்டிருக்கு. இதைப் பாடுற ஆக்கள் எல்லாரும் அதை விட்டிடுவினம். நாங்களும் விட்டிட்டம்." ஈவாரைப் பார்த்தாள். "அந்த இடத்திலைதான் உங்கடை குரலை வைச்சனாங்கள்."

"திரும்பப் போடச் சொல்லு."

ஈவார் ஆறு தரம் போட்டார். வேகத்தைக் குறைத்தார், இரைச்சலைக் கொஞ்சம் அமத்தினார், கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு கடதாசியில் எழுதி, வெட்டி, திரும்ப எழுதினார். ஆரணி அதை வாங்கி முதலில் தனக்குள் வாசித்தாள்.

"சொல்லு, பிள்ளை."

"குழி வெட்டுற மனுசா, என்ர வேலிக்கு அங்காலை நில்லு. உன்னட்டை நான் ஒண்டும் கேக்கேல்லை."

அந்த அறையில் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கிறது. ஒருவரும் கதைக்காவிட்டால் காதுக்குள் இரத்தம் ஓடுவது கேட்கும்.

"அந்த இடத்திலையோ என்னை வைச்சனீங்கள்," என்றேன்.

ஆரணி அழத் தொடங்கினாள். ஈவார் என்னிடம் நேரே நோர்வே மொழியில் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். என் குரலை எடுத்துவிடுவதாகவும் அந்த வரியைத் திரும்ப வைத்துப் பாடுவதாகவும் சொன்னார். திங்கட்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டேன். இன்றைக்கே பாடிவிடலாம் என்றார். எழுபத்தொரு வயதில் நான் வந்த காரியம், ஒரு கோப்பிக்குள் முடிந்துவிட்டது.

அங்கேயே எழும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழிப்பதற்கு முன் ஒரு தரம் முழுதாகக் கேட்கப்போகிறேன் என்றேன். எதை அழிக்கிறார்கள் என்று தெரியாமல் எப்படி விடுவது? ஆரணி வேண்டாம் என்றாள். நான் காதில் மாட்டிக்கொண்டேன்.

வாளியிலே நீர் நிறைச்சேன், முகம் கழுவ வாராயோ. ரூபன். வாழையிலை வெட்டி வைச்சேன், பசியாற வாராயோ. ரூபா, வா மோனை.

தையல் தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் என் தாய்க்குப் பாடினதும், கத்தரிக்காய் வெட்டும்போது கூப்பிட்டுக் காட்டினதும் என்று அறிந்த எனக்கே தெரியவில்லை. ஒரே மூச்சில் ஒருத்தி தன் பிள்ளைக்குப் பாடுகிறாள். நிறுத்தும் இடத்தில் நிறுத்துகிறாள், இழுக்கும் இடத்தில் இழுக்கிறாள். குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைகிறது.

கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, முகம் கழுவ எங்கே தண்ணீர் என்று கேட்டேன். ஆரணி கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு கையாலும் அள்ளிக் கழுவினேன், கழுத்து வரைக்கும். கழுவிவிட்டு, வெறும் தேநீர் கிடைக்குமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. சாவீட்டில் ஒப்பாரி சொல்லி முடித்த பெண்கள் எழும்பி அதைத்தான் செய்வார்கள். முகம் கழுவி, ஒரு வெறும் தேநீர் குடிப்பார்கள். என் தாய்க்குப் பாடிவிட்டு அப்படிச் செய்தேன். கணவருக்குப் பாடிவிட்டு அப்படிச் செய்தேன். பஸ் நிறுத்தத்தில் பாடிவிட்டு அப்படிச் செய்யவில்லை, அது சும்மா பாடினது. இப்போது என் உடம்பு யாரையும் கேட்காமல் செய்துவிட்டது.

"அழிச்சிட்டம் அம்மம்மா, பாருங்கோ," என்று ஆரணி திரையைக் காட்டினாள். என் குரல் இருந்த இடத்தில் ஒரு நேர்க்கோடு இருந்தது. ஓம் என்றேன். அங்கே அழிந்துவிட்டது.

பகல் ஒரு மணிக்கு ஹொல்ம்லியாவிலிருந்து புறப்பட்டோம். இந்தத் தரம் புதுச் சீட்டு, 22 குரோனர். நடுநகரத்தில் டி-பானே மேடையில் ஐந்தாம் தடத்து வண்டி வந்தது. நான் ஏறவில்லை. இரண்டாம் தடத்து வண்டிக்கு நின்றேன்.

"அது புருசெத் போறது, அம்மம்மா."

"தெரியும்."

"பவளம் அம்மம்மாவோடை நீங்கள் கதைக்கிறேல்லையே."

"கதைக்கப் போகேல்லை. ஒண்டு கேக்கப் போறன்."

இருபது நிமிடம். நிலையத்திலிருந்து பாதை இறக்கம், கைபிடி இருக்கிறது, பிடித்துக்கொண்டு போங்கள். நாலாம் மாடி. அழைப்பு மணிகளில் பாதி எங்கள் ஆட்களின் பெயர்கள். மேலே போய்க் கதவில் நின்றோம். பவளம் திறந்தாள். முழங்காலுக்குப் பட்டி போட்டிருந்தாள். முடி முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் கதவை இறுக்கிப் பிடித்தாள்.

"மச்சாள்!"

நான் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றேன்.

"உள்ளுக்கை வாங்கோ மச்சாள். குளிருக்கை நிக்காதேங்கோ. ஆரணி, கூட்டிக்கொண்டு வா அம்மம்மாவை."

"உள்ளை வரேல்லை. அவனுக்கு எந்தத் திதியிலை செய்யிறாய்?"

அவளுக்கு விளங்கியது. முகம் ஒருமாதிரிப் போனது. "ஆடி அமாவாசையிலை, மச்சாள். நாள் தெரியாத ஆளெண்டால் அண்டைக்குச் செய்யலாமெண்டு ஐயர் சொன்னவர்."

"ஆடி அமாவாசை தேப்பன்மாருக்கு. அவன் ஆருக்குத் தேப்பன்?"

கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

"பத்தொன்பது வயசு, பவளம்."

அவள் அழுதாள். நான் அழவில்லை. நான் அழுதது அழித்தாயிற்று. கீழ் மாடியில் யாரோ வெங்காயம் வதக்கும் மணம் படியால் ஏறி வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பவளம் கேட்டாள்.

"அப்ப எந்த நாள் செய்ய, மச்சாள்? நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுற நாளிலை செய்யிறன்."

கேட்க வந்தவள் நான். என்னைக் கேட்டுவிட்டாள். பச்சை பஸ் புறப்பட்ட அன்று என்ன திதி என்று எனக்குத் தெரியும். அன்று இரவு பிறை எவ்வளவு தேய்ந்திருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். இத்தனை ஆண்டும் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. கலாவுக்குச் சொல்லவில்லை. காணாமல் போனோர் விண்ணப்பத்தில் எழுத நாள் கேட்டவர்களுக்கும், நினைவில்லை என்றுதான் சொன்னேன்.

"வைகாசி. தேய்பிறைச் சப்தமி," என்றேன்.

சொன்னது என் வாய். வெட்டி ஒட்டவில்லை.

சனிக்கிழமை பகல் ரயிலில் திரும்பினேன், அதே கட்டணம், அதே பயண நேரம். ஆரணி அந்தப் பழைய தட்டின் பாட்டை என் போனில் போட்டுத் தந்திருந்தாள். பின்சே தாண்டும்வரை கேட்டேன். பெயர் இல்லாத அந்தப் பெண்ணின் பிள்ளை என்ன ஆனான் என்று பாட்டில் இல்லை. அவள் வேலிக்கு உள்ளே நிற்கிறாள், குழி வெட்டுகிறவன் வேலிக்கு வெளியே நிற்கிறான், அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய அந்த வரியை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் வேலியைத் தாண்டிப் போய்க் கேட்டேன். நாளும் குறித்துக் கொடுத்தேன்.

பேரப்பிள்ளைகள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தால் பாடிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் பாட்டுக்குள் வைக்கப்போகிறாய், அங்கே யார் இறந்தது என்று முதலில் கேளுங்கள். சமையலறையில் கதைக்கும்போது கருவியை அணைக்கச் சொல்லுங்கள். எதைப் பாடக்கூடாதோ அதை ஏன் பாடக்கூடாது என்று பிள்ளைகளுக்கு வாய் திறந்து சொல்லுங்கள். நாங்கள் சொல்லாததை அவர்கள் பிழையாகத்தான் செய்வார்கள்.

பவளத்தோடு கோபம் தீர்ந்ததா என்று கேட்பீர்கள். தீரவில்லை. ஏழு வடையும் நீலப் பையும் அப்படியே இருக்கின்றன. வைகாசியில் ஒஸ்லோவுக்கு இன்னொரு தரம் போக வேண்டும். இந்த முறை முந்தியே எடுத்ததால் 289 குரோனர், காலை 7.57, கழிப்பறைக்குப் பக்கத்துப் பெட்டி. கடலில் கரைக்கச் சாம்பல் இல்லாதவர்கள் என்ன கொண்டுவர வேண்டும் என்று ஐயரிடம் தொலைபேசியில் கேட்டேன். பிள்ளை உடுத்ததில் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் அம்மா என்றார்.

ஒரு பொத்தான் இருக்கிறது என்றேன்.